ஆற்றுமுகத்திலிருந்து கூட்டரசு வரை: வட சிலாங்கூர்த் தோட்டங்களை முன்வைத்து மலாயாவின் ஒருங்கிணைப்பு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

மலாயாக் கூட்டரசு உருவான கதையைப் பாடநூல்கள் ஆண்டு வரிசையில் அடுக்கும்: 1896, 1946, 1948, 1957, 1963. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஒப்பந்தம். அதன் அடியில் சுல்தான்களின் முத்திரை, ஆளுநரின் கையொப்பம். இந்த வரிசையில் பிழை கிடையாது. ஆனால் அதே ஆண்டுகளில் பால்மரக் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் யாருடைய குடிகளாக இருந்தார்கள் என்று கேட்டால், அந்த வரிசையிடம் விடை இருக்காது.

சிலாங்கூர் ஆற்றுப் படுகை இக்கட்டுரையின் களம். பிரேசர் மலைப் பக்கம் பிறக்கும் ஆறு கோலகுபு பாரு, ராசா, பத்தாங் பெர்ஜுந்தை வழியாக இறங்கிக் கோலசிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. மேற்புறம் உலு சிலாங்கூர் மாவட்டம், கீழ்ப்புறம் கோலசிலாங்கூர் மாவட்டம். வடக்கே பெர்னாம் ஆறு. அதைத் தாண்டினால் பேராக். இங்கே நின்று பார்க்கும்போது ஒருங்கிணைப்பின் வரிசை வேறாகத் தெரிகிறது. முதலில் தோட்டத் தமிழரின் உழைப்பு மாநில எல்லைகளைக் கடந்து ஒன்றாக்கப்பட்டது. மாநிலங்கள் முழுமையாக ஒன்றானது அதற்குப் பிறகு. அந்த உழைப்பாளிகள் குடிமக்களானது எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் எல்லாரும் ஆகவில்லை.

2. ஆற்றுமுக அரசுகள்

பழைய சிலாங்கூரில் எல்லைக்கோட்டை விட ஆற்றுமுகமே பெரிது. உள்நாட்டு ஈயம் ஆற்றுவழியேதான் கடலுக்கு வரவேண்டும். முகத்துவாரத்தில் அமர்ந்திருப்பவர் வரி வாங்குவார். மலாவத்தி குன்றில் கோட்டை எழுந்ததன் காரணம் இதுதான். 1784இல் டச்சுக்காரர்கள் அக்கோட்டையைப் பிடித்து அல்திங்ஸ்பெர்க் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் பகாங்கின் துணையோடு அதை மீட்டார்.

1867இல் தொடங்கிய சிலாங்கூர் உள்நாட்டுப் போரும் வரிக்கான போரே. ராஜா மஹ்டி ஒரு பக்கம், கெடாவிலிருந்து வந்த, சுல்தானின் மருமகன் தெங்கு கூடின் மறுபக்கம், கோலாலம்பூரின் சீனத் தலைவர் யாப் ஆ லோய் கூடினோடு. 1871 ஜூலையில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரினால்டோ கோலசிலாங்கூர்க் கோட்டையைக் குண்டுவீசித் தகர்த்தது. கடற்கொள்ளையரைத் தண்டிப்பது என்பது சொன்ன காரணம்; அடியில் நீரிணைத் துறைமுக வணிகர்களின் முதலீடு இருந்தது. 1873இல் பகாங் படை மறுபடியும் வந்து, இம்முறை கூடினுக்காகக் கோலசிலாங்கூரைப் பிடித்தது. மலாய் அரசுகள் ஒன்றையொன்று அறியாமல் தனித்தீவுகளாகக் கிடந்தன என்றும், ஆங்கிலேயர்தாம் அவற்றை இணைத்தார்கள் என்றும் எழுதுவோர் இந்த இரண்டு பகாங் வருகைகளையும் கணக்கில் எடுப்பதில்லை.

1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் ஒப்பந்தம் பேராக்கில் ரெசிடண்ட் எனும் பிரிட்டிஷ் ஆலோசகரைக் கொண்டுவந்தது. அதையடுத்துச் சிலாங்கூரிலும் டேவிட்சன் ரெசிடண்டானார். லங்காட்டில் சுல்தான் அப்துல் சமாட்டின் அருகே உதவி ரெசிடண்டாக அமர்ந்த இளைஞர் பிராங்க் சுவெட்டன்ஹாம். கூட்டரசுக் கதையின் முதல் எழுத்தர் அவரே.

3. 1896: நான்கு மாநிலம், ஒரு செயலகம்

அப்போது தீபகற்பத்தில் இரண்டு வகை ஆட்சி. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1826இல் இணைக்கப்பட்ட நீரிணைக் குடியேற்றங்கள். 1867 வரை இந்திய அரசின் கீழும், பின் லண்டனின் நேரடிக் காலனியாகவும் இருந்தன. மற்றவை மலாய் சுல்தான்களின் நாடுகள். சட்டப்படி அவை காலனிகள் ஆகா, பாதுகாப்பில் உள்ளவை. இந்த வேறுபாடு அரை நூற்றாண்டு கழித்து ஒரு தோட்டக் குழந்தையின் குடியுரிமையைத் தீர்மானிக்கும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் 1895 ஒப்பந்தப்படி 1896 ஜூலை 1ஆம் நாள் இணைந்தன. கையொப்பங்களைச் சேகரித்தவர் சுவெட்டன்ஹாம்; முதல் ரெசிடண்ட்-ஜெனரலும் அவரே. இணைப்பின் உடனடிக் காரணம் பணம். பேராக்கிலும் சிலாங்கூரிலும் ஈய வருவாய் கொழித்தது. பகாங்கோ 1891இல் வெடித்த கிளர்ச்சியாலும் கடனாலும் நொடிந்திருந்தது. பணமுள்ள இரண்டும் பணமில்லாததைத் தாங்கவேண்டும். 1785இல் கோலசிலாங்கூரை மீட்கத் துணை வந்த பகாங்குக்குச் சிலாங்கூரின் ஈயம் கைம்மாறு செய்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

கூட்டரசு என்று பெயர் இருந்தாலும் நடந்தது கோலாலம்பூரில் ஒரு செயலகம் கட்டி மற்றவற்றை அதன் கிளைகளாக்கிய வேலை. 1903இல் கோலாலம்பூரில் கூடிய ஆட்சியாளர் மாநாட்டில் பேராக் சுல்தான் இட்ரிஸ் இதை வெளிப்படையாகவே குறைகூறினார். ஒரு கப்பலுக்கு இரண்டு தலைவர் ஆகாது என்ற பொருளில் பேசினார். 1909இல் கூட்டரசு மன்றம் அமைந்தது. அதே ஆண்டு சயாமிடமிருந்து கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு பிரிட்டிஷ் பொறுப்புக்கு வந்தன. 1914இல் ஜொகூர் ஆலோசகரை ஏற்றது. இந்த ஐந்தும் கூட்டரசில் சேர மறுத்தன. நான்கு மாநிலங்களின் கதியைப் பார்த்த பிறகு அந்த மறுப்பை அறியாமை என்று சொல்ல முடியாது.

ஆக 1914இல் தீபகற்பத்தில் ஒரு காலனி, ஒரு கூட்டரசு, ஐந்து தனி நாடுகள். ஏழு அரசாங்கங்கள்.

4. உழைப்பின் கூட்டரசு

4.1 நிதி

இந்த ஏழு அரசாங்கங்களுக்கும் குறுக்கே ஒரு நிறுவனம் அமைதியாக வளர்ந்தது. 1907இல் நீரிணைக் குடியேற்றங்களிலும் கூட்டரசு மாநிலங்களிலும் தமிழ்க் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, அவர்கள் செய்த வேலைநாளைக் கணக்கிட்டு வரி கட்டவேண்டும். அப்பணத்தில் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள், கப்பல் கட்டணம், கரையிறங்கியதும் தொற்றுத்தடுப்பு முகாம் எல்லாம் நடந்தன. ஊருக்குப் போய் ஆள் சேர்க்கும் கங்காணியை அனுப்பாத தோட்டமும் வரி கட்டவேண்டியிருந்ததால், ஆள் எடுப்பது தனித்தனித் தோட்டத்தின் காரியமாக இல்லாமல் தொழில் முழுவதற்குமான பொதுக் காரியமாயிற்று. சுல்தான்கள் சேர மறுத்த நாடுகளின் தோட்டங்களும் பின்னர் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன.

மலாயா முழுவதையும் ஒரே பரப்பாகக் கருதி நிர்வகித்த முதல் அமைப்புகளுள் இதுவும் ஒன்று என்பது என் கருத்து. அரசியல் அமைப்பாளர்கள் நாற்பது ஆண்டுகள் வாதாடிய ஒருமையைத் தோட்ட முதலாளிகள் ஒரு வரிச்சட்டத்தால் சாதித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆள், கொடி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பெயர் மாறித் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாகிய அது, கூட்டரசுகள் பலவற்றைத் தாண்டி 1999 வரை நீடித்தது.

4.2 கங்காணியும் எல்லையும்

1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிந்து கங்காணி முறை மேலோங்கியது. சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் தொழிலாளி தோட்டத்தை விட்டுப் போகலாம். கடன், கங்காணியின் பிடி, சொந்தபந்தம் இவற்றை மீறி எத்தனை பேர் போனார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் போனவர்களுக்கு மாநில எல்லை பொருட்டாக இருக்கவில்லை. தஞ்சோங் மாலிமில் தங்கிப் பெர்னாம் ஆற்றைத் தாண்டி ஹுலு பெர்னாமுக்கு வந்தால் பேராக் போய்ச் சிலாங்கூர் ஆகிவிடும். அந்த மாற்றத்தைக் காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் யாரும் கேட்டதில்லை. எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, ஊரில் எந்தக் கிராமம் என்ற மூன்றே அடையாளங்கள்.

கோலசிலாங்கூரின் தோட்ட வரலாற்றில் பிரெஞ்சுக்காரர் ஆன்றி போக்கோனியே தனி இடம் பெறுகிறார். 1905இல் மலாயா வந்து சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தை உருவாக்கியவர். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு அவருடையது. 1930இல் அவருடைய மலாயா நாவலுக்குப் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அந்நாவலில் தமிழ்க் கூலிகள் வருகிறார்கள். துரையின் கண்ணுக்குத் தெரிந்த அளவில் வருகிறார்கள். சிலாங்கூர் ஆற்றங்கரையில் தமிழர் கை, பிரெஞ்சு முதல், ஆங்கிலேயர் சட்டம், மலாய் சுல்தானின் நிலம் நான்கும் ஒரே தோட்டத்தில் சேர்ந்திருந்தன. கூட்டரசு என்ற சொல்லுக்கு நடைமுறை விளக்கம் தேடுவோர் இதைப் பார்க்கலாம்.

1923இன் தொழிலாளர் சட்டம் கூட்டரசு மாநிலத் தோட்டங்களில் ஒரே இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்கவேண்டும் என்றது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஓரத்தில் கிராணியோ கங்காணியோ பாடம் சொல்லிய கொட்டகைகளும் இதில் அடக்கம்தான். ஆனாலும் உலு சிலாங்கூரிலும் கோலசிலாங்கூரிலும் இன்றுள்ள தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கே. அதே காலத்தில் இந்திய அரசின் ஏஜண்ட் ஒருவரும் கோலாலம்பூரில் அமர்ந்தார். அதாவது சிலாங்கூர்த் தோட்டத் தொழிலாளிக்காகப் பேசும் அதிகாரி டெல்லிக்கு அறிக்கை எழுதினார். சுல்தானின் நிலத்தில் வாழ்ந்தவர்களின் மேல்முறையீடு வேறொரு நாட்டுக்குப் போனது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் சீனிவாச சாஸ்திரி வந்து பார்த்து அறிக்கை தந்ததும் இவ்வழியில்தான். 1938 ஜூனில் இந்தியா உதவிக் குடியேற்றத்தை நிறுத்தியது. அதற்குப் பிறகு வளர்ந்த தலைமுறை பெரும்பாலும் இங்கேயே பிறந்தது.

4.3 சங்கங்கள்

1936இல் தோன்றிய மலாயா மத்திய இந்தியர் சங்கம் பெயரிலேயே மாநிலங்களைத் தாண்டியது. 1941இல் ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, கோரிக்கைகளில் கூலி உயர்வோடு இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். படை வந்தது, உயிர்கள் போயின, நாதன் நாடுகடத்தப்பட்டார். உலு சிலாங்கூர்ப் பக்கம் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 1937இலேயே சுரங்கத்தைக் கைப்பற்றியிருந்தார்கள். கூட்டரசு ரயில்கள் ஓடியது அந்தக் கரியில்.

போருக்குப் பின் அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் எழுந்தது. அதன் தலைவர்களுள் எஸ்.ஏ. கணபதி பெயர்பெற்றவர். சீனரும் இந்தியரும் ஒரே கொடியின்கீழ் நின்ற முதல் பெருங்கூட்டமைப்பு அது. 1948 பிப்ரவரி 1ஆம் நாள் மாநிலங்களின் கூட்டரசு பிறந்தது. அதே ஆண்டு ஜூனில் வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம், ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே கூட்டமைப்பாகச் சேரலாம் என்று விதித்தது. சம்மேளனத்தின் பதிவு போயிற்று. மாநிலங்கள் சேர்ந்த ஆண்டிலேயே தொழிலாளர் சேர்வது தடுக்கப்பட்டதை இந்நாட்டு அரசியலமைப்பு வரலாறுகள் இரண்டு தனி அத்தியாயங்களில் எழுதுகின்றன. ஒரே அத்தியாயத்தில் எழுதவேண்டியவை அவை.

5. ஒன்றியமும் கூட்டரசும்

1946 ஏப்ரல் 1இல் அமைந்த மலாயா ஒன்றியம் ஒன்பது மலாய் மாநிலங்களையும் பினாங்கு, மலாக்காவையும் ஒரே ஆட்சியில் வைத்தது; சிங்கப்பூர் தனியே நின்றது. ஹெரால்டு மெக்மைக்கேல் சுல்தான்களிடம் அவசரமாக வாங்கிய கையொப்பங்களின் மேல் எழுந்த கட்டடம் அது. மண்ணில் பிறந்தவருக்குக் குடியுரிமை என்ற தாராளம் அதில் இருந்தது. மலாய் மக்களின் எதிர்ப்பு அம்னோவாகத் திரண்டு, இரண்டு ஆண்டுகளில் ஒன்றியத்தைக் கவிழ்த்தது. தோட்டத்து மக்களுக்கு இது பெரிய செய்தியாக எட்டவில்லை. 1946 ஆகஸ்டில் ஜான் திவி தலைமையில் தொடங்கிய மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கூட அக்காலத்தில் இந்திய விடுதலையையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தது. ஆயினும் காங்கிரஸ், சீனத் தலைவர் தான் செங் லோக்கின் கூட்டணியோடு நின்று, மக்கள் அரசியலமைப்பு என்ற மாற்று வரைவை ஆதரித்தது. 1947 அக்டோபர் 20ஆம் நாளின் ஹர்த்தால் அந்தப் போராட்டத்தின் உச்சம்.

1948 கூட்டரசு ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பிரிவில்தான் 1826இன் பழைய கோடு மறுபடி முளைத்தது. பினாங்கில் பிறந்த தமிழ்க் குழந்தை காலனி மண்ணில் பிறந்ததால் பிரிட்டிஷ் குடி. அங்கேயே நிலையாக வாழ்ந்தால் தானாகவே கூட்டரசுக் குடிமகன். அதே நாளில் பத்தாங் பெர்ஜுந்தை லயத்தில் பிறந்த குழந்தை சுல்தானின் நாட்டில் பிறந்தது. அதன் தகப்பன் எங்கே பிறந்தான், எத்தனை ஆண்டு தொடர்ந்து தங்கினான், பதினைந்து ஆண்டுக்குச் சான்று உண்டா என்று பார்த்தபிறகே அதற்கு வழி. சான்று என்றால் பத்திரம். தகப்பனின் பெயர் தோட்ட ஆபீஸ் வருகைப் பதிவேடான செக்ரோலில் ஒருவிதமாகவும் பிறப்புப் பத்திரத்தில் வேறுவிதமாகவும் இருக்கும்; கிராணி காதில் விழுந்தபடி எழுதியது. தோட்டம் தோட்டமாக மாறிய குடும்பத்துக்குத் தொடர்ச்சியான வசிப்பைக் காட்டுவது இன்னும் கடினம். எல்லை பாராமல் உழைக்கச் சொன்ன அதே ஏற்பாடு, எல்லைக்கு உள்ளேயே இருந்ததற்குச் சான்று கேட்டது. 1952இன் திருத்தம் வாசலைச் சற்று அகலமாக்கியது: பெற்றோரில் ஒருவர் கூட்டரசில் பிறந்திருந்தால் போதும் என்றாயிற்று.

6. வேலிக்குள்

கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க 1948இல் பிறப்பித்த அவசரகாலம் வட சிலாங்கூரைக் கடுமையாகத் தொட்டது. 1948 டிசம்பர் 12ஆம் நாள் பத்தாங் காலி அருகே சுங்கை ரெமோக் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமற்ற சீனத் தொழிலாளர் 24 பேரைச் சுட்டுக்கொன்றனர். 1949 மே மாதம் கணபதி தூக்கிலிடப்பட்டார். 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரேசர் மலைப் பாதையில் உயர் ஆணையர் ஹென்றி கர்னி கொல்லப்பட்டார். தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவு ஊரடங்கு, அரிசிக்குப் பங்கீடு. அடையாள அட்டை முதன்முதலில் எல்லார் கைக்கும் வந்தது அப்போதுதான். குடியுரிமை கிடைக்காதவரும் அட்டை வைத்திருக்கவேண்டும். அரசு தன் மக்களை எண்ணத் தொடங்கியது பாதுகாப்புக் காரணத்துக்காக. யார் குடிமகன் என்ற கணக்கு பிறகு அதன்மேல் ஏற்றப்பட்டது.

பத்தாங் காலி வழக்கு லண்டன் உச்சநீதிமன்றம் வரை சென்று 2015இல் தள்ளுபடியானது. வழக்கின் போக்கில் எழுந்த கேள்விகளுள் ஒன்று நம் பொருளோடு நேரே தொடர்புடையது: சுட்ட படை பிரிட்டனுக்குப் பொறுப்பானதா, அப்போதைய சிலாங்கூர் அல்லது கூட்டரசு ஆட்சிக்கா? இறையாண்மை பல கைகளில் பங்கிடப்பட்டால் பொறுப்பும் அப்படியே சிதறும்.

7. 1957க்குப் பின்

விடுதலை பெறும் நாட்டின் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தில் பிரிட்டனிலிருந்து ரீட், ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்கெல், இந்தியாவின் மாலிக், பாகிஸ்தானின் அப்துல் ஹமீது ஆகியோர் இருந்தனர். மலாயாக்காரர் எவரும் இல்லை. ஆஸ்திரேலியக் காலனிகள் 1901இல் ஒன்றாகுமுன் மக்களிடம் வாக்கெடுத்தன. மலாயாவில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. 1955 தேர்தலில் 52 இடங்களில் 51ஐ வென்ற கூட்டணிக்கே மக்கள் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரம் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. அந்தக் கூட்டணியில் வீ.தி. சம்பந்தனின் ம.இ.கா.வும் உண்டு. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 வரை பிறந்தவருக்கு மண்ணுரிமை இருந்தது. முன்பே வாழ்ந்தவருக்குப் பதிவு, வசிப்புச் சான்று, ஓரளவு மலாய். 1963இல் சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்ததும் 1965இல் சிங்கப்பூர் வெளியேறியதும் வட சிலாங்கூர்த் தோட்டங்களின் அன்றாடத்தைப் பெரிதாக மாற்றவில்லை.

மாற்றியது வேறொரு சட்டம். 1968இல் இயற்றி 1969இல் நடைமுறைக்கு வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் எடுத்தால்தான் வேலை என்றது. நீல அட்டை குடிமகனுக்கு, சிவப்பு அட்டை மற்றவருக்கு. 1957இன் பதிவு வாய்ப்பைத் தவறவிட்டோர் தோட்டங்களில் ஏராளம்: எழுதப்படிக்கத் தெரியாதவர்கள், பத்திரம் இல்லாதவர்கள், ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தவர்கள். ஏறத்தாழ 60,000 இந்தியர் நாட்டைவிட்டுப் போனதாக ஆய்வாளர் கணக்கிடுவர். ஒரே வீட்டில் தகப்பனுக்குச் சிவப்பு, மகனுக்கு நீலம் என்ற நிலை இருந்தது. சோம்பல்தான் காரணம் என்று பேசிய அரசியல்வாதிகளும் உண்டு. பதிவு அலுவலகம் மாவட்டத் தலைநகரில், வேலைநாள் போனால் நாள்கூலி போகும் என்ற எளிய கணக்கை அவர்கள் போட்டுப் பார்க்கவில்லை.

8. நிலம் மாநிலத்துக்கு, தொழிலாளி கூட்டரசுக்கு

அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை அதிகாரங்களைப் பட்டியலிட்டுப் பிரிக்கிறது. குடியுரிமை, கல்வி, தொழிலாளர் விவகாரம் கூட்டரசுக்கு, நிலம் மாநிலத்துக்கு. சுல்தான்களின் பழைய உரிமையில் எஞ்சியவற்றுள் மிகப் பெரியது நிலமே; 1965இன் தேசிய நிலச் சட்டம் நடைமுறையை ஒரே சீராக்கியபோதும் அதிகாரம் மாநிலத்திடமே தங்கியது. நகரவாசிக்கு இந்தப் பிரிவினை பெரும்பாலும் கண்ணில் படாது. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கம்பெனியின் நிலத்தில் இருப்பதால் அது நேரே தலையில் விழுகிறது.

விடுதலையை ஒட்டி வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோதே இது தெரிந்தது. 1960இல் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம். அரசியலமைப்பில் தொழிலாளிக்கு நிலத்தின்மேல் வழி இல்லாதபோது சந்தையில் வழி தேடிய முயற்சி அது. நல்ல முயற்சி; ஆனால் பரப்பில் சிறிது.

கூட்டரசே சிலாங்கூரின் நிலத்தைக் கேட்டது உண்டு. 1974 பிப்ரவரி 1ஆம் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. மாநிலம் தன் தலைநகரை இழந்தது. 2001இல் புத்ராஜெயாவும் போயிற்று. இரண்டு தடவையும் முறைப்படி பேச்சும் ஒப்பந்தமும் நடந்தன. நிலம் வைத்திருப்பவருக்குக் கூட்டரசோடு பேரம் பேச முடிகிறது.

லயத்தில் இருப்பவருக்கு அது முடிவதில்லை. தொண்ணூறுகளிலிருந்து புக்கிட் தாகார், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் தோட்டங்கள் கைமாறின. பால்மரமும் செம்பனையும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் வழிவிட்டன. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்களின் மாற்று வீட்டுக் கோரிக்கை இருபது ஆண்டுக்கும் மேல் இழுத்தது. வேலைநீக்க இழப்பீடு என்றால் கூட்டரசின் தொழிலாளர் இலாகா. குடியிருப்பு வசதியின் குறைந்தபட்சத் தரம் கூட்டரசுச் சட்டம். நிலத்தின் பயன்பாட்டு மாற்றம் மாநில நில அலுவலகம். இரண்டு அரசாங்கமும் கம்பெனியும் ஒரே மேசையில் அமர்ந்தால் மட்டுமே கோப்பு நகரும். மாநிலத்திலும் மத்தியிலும் வெவ்வேறு கட்சிகள் ஆண்ட ஆண்டுகளில் அந்த மேசை எளிதில் போடப்படவில்லை.

தோட்டத் தமிழ்ப்பள்ளியின் நிலையும் அதுவே. ஆசிரியர் சம்பளமும் பாடத்திட்டமும் கல்வி அமைச்சுடையவை. பள்ளி நிற்கும் நிலம் தோட்டத்துக்குச் சொந்தமாக இருக்கும்வரை பள்ளி பகுதி உதவிதான் பெறும். கட்டடத்துக்கு முழு உதவி வேண்டுமானால் நிலம் கைமாறவேண்டும். தோட்டம் மூடிப் பிள்ளைகள் குறைந்துபோனால் பள்ளியைப் புதிய குடியிருப்புக்கு இடம் மாற்றலாம். உரிமம் கூட்டரசு தரும், மனை மாநிலம் தரவேண்டும். இரண்டும் ஒரே ஆண்டில் கிடைத்த பள்ளிகள் பாக்கியம் செய்தவை. மற்றவற்றின் பள்ளி வாரியங்கள் கோலசிலாங்கூர் நில அலுவலகத்துக்கும் புத்ராஜெயாவுக்கும் மாறிமாறிக் கடிதம் எழுதுகின்றன.